கடைசி இரண்டு நிமிடத்துக்கு மட்டும் இறக்கும் கோச்

கேள்வி: என் மகன் உயர்நிலை மூன்றில் படிக்கிறான். பள்ளியின் பி பிரிவுக் கூடைப்பந்து அணியில் இந்த ஆண்டுதான் இடம் கிடைத்தது. வாரம் மூன்று நாள் பயிற்சி. வீடு வந்து சேர இரவு ஏழரை ஆகிவிடுகிறது. இதுவரை நான்கு ஆட்டங்கள் முடிந்துவிட்டன. இரண்டில் அவனை இறக்கவே இல்லை. மற்ற இரண்டில் கடைசி இரண்டு நிமிடம். பந்தை முன்னே கொண்டுபோய் ஆட்டத்தை நடத்தும் பாயின்ட் கார்டாக ஆடுபவன், பந்தை நன்றாகக் கையாளுவான், தூரத்திலிருந்தும் கூடையில் போடுவான். "வெம்பன்யாமா என்பிஏவில் முதல் வருஷமே முதல் ஐவரில் ஆடினாரே, என்னை மட்டும் ஏன் உட்கார வைக்கிறார்?" என்று கேட்கிறான். (அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துப் போட்டியான என்பிஏவில் ஆடும் வீரராம்.) அணியில் இவன் ஒருவன்தான் தமிழ்ப் பையன். அதுதான் காரணமோ என்று என் கணவருக்குச் சந்தேகம். பயிற்றுவிப்பாளரிடம் நானே பேசலாமா? இல்லை, வேறு இணைப்பாட நடவடிக்கைக்கு மாற்றிவிடலாமா?
ஒரு தாய், செங்காங்

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

இருபது வருடத்துக்கு மேல் பள்ளி அணிகளுக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறேன். உங்கள் கடிதத்தைப் படித்ததும் முதலில் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டேன். நீங்களும் போட்டுப் பாருங்கள்.

உலகக் கூடைப்பந்துச் சம்மேளனமான ஃபிபாவின் விதிப்படி ஒரு ஆட்டம் பத்து நிமிடக் கால்பகுதிகள் நான்கு. களத்தில் ஐந்து பேர். ஆக ஒரு பயிற்றுவிப்பாளரின் கையில் இருப்பது 200 நிமிடங்கள். பெஞ்சையும் சேர்த்து அணியில் 12 பேர். முதல் ஐவருக்குத் தலைக்கு 28 நிமிடம் கொடுத்தால் 140 போய்விடும். ஆறாவது, ஏழாவது ஆட்டக்காரர்களுக்குத் தலைக்கு 18 வீதம் 36. எட்டாவது பையனுக்கு 14. மீதி இருப்பது பத்தே பத்து நிமிடம், அதைப் பங்கு போட நான்கு பேர். உங்கள் மகனுக்குக் கிடைத்த இரண்டு நிமிடம் இந்தக் கணக்கில் கிட்டத்தட்ட அவன் பங்குதான். அவனைக் கோச் வெறுக்கிறார் என்பதற்கு இதில் ஆதாரம் ஒன்றும் இல்லை. ஒன்பதாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை உள்ள வரிசையில் அவன் இருக்கிறான் என்பது மட்டும் தெரிகிறது. எட்டாவது இடத்துக்கு எப்படி வருவது என்பதே இனி அவனுக்குள்ள கேள்வி.

வெம்பன்யாமா விஷயத்துக்கு வருவோம். உங்கள் மகன் சொன்ன தகவல் சரிதான். 2023-24 பருவத்தில் அவர் ஒரு ஆட்டத்துக்குச் சராசரியாக 30 நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஆடினார், ஆண்டின் சிறந்த புதுமுகம் விருதும் வாங்கினார். ஆனால் அவரைத் தேர்ந்தெடுத்த சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அதற்கு முந்தைய பருவத்தில் 82 ஆட்டங்களில் 22தான் வென்றிருந்தது. அவர் வந்த பருவத்திலும் அதே 22. அணிகள் முறைவைத்துப் புதுமுகங்களைத் தேர்ந்தெடுக்கும் என்பிஏ டிராஃப்டில் முதல் வாய்ப்புகள் பெரும்பாலும் தோற்றுக்கொண்டிருக்கும் அணிகளுக்கே போகும். அந்த ஏற்பாடே அப்படித்தான். தோற்கிற அணிக்கு இழக்க ஒன்றுமில்லை. புதுப் பையனை இறக்கிப் பழக்கினால் நாலு வருடம் கழித்துப் பலன் கிடைக்கும். டிவியில் நாம் பார்க்கிற புதுமுக நட்சத்திரங்களில் பாதிப் பேர் அதிக நேரம் ஆடுவதற்கு அவர்களுடைய திறமையோடு அணியின் பலவீனமும் ஒரு காரணம்.

நல்ல அணிக்குள் நுழைந்த புதுமுகத்தின் கதை வேறு. பின்னாளில் என்பிஏவின் பெரிய நட்சத்திரமான கோபி பிரையன்ட் 1996-ல் உயர்நிலைப் பள்ளியிலிருந்து நேராக லாஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸுக்கு வந்தார். அந்தப் பருவத்தில் லேக்கர்ஸ் 56 ஆட்டங்களை வென்றது. அவர் ஆட வேண்டிய இடத்தில் ஏற்கெனவே எடி ஜோன்ஸ் இருந்தார். அதே பருவத்தில், சிறந்த ஆட்டக்காரர்கள் மோதும் ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்குத் தேர்வானவர். பயிற்றுவிப்பாளர் டெல் ஹாரிஸ் கோபிக்குக் கொடுத்தது சராசரியாக பதினைந்தரை நிமிடம். 48 நிமிட ஆட்டத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. இத்தனைக்கும் அவர் கோபி பிரையன்ட்! அந்தப் பருவத்தின் பிளேஆஃப் சுற்றில் யூட்டா அணிக்கு எதிரான ஐந்தாவது ஆட்டத்தில், நெருக்கடியான கடைசிக் கட்டத்தில் அதே கோச் பதினெட்டு வயதுப் பையனைக் களத்தில் வைத்திருந்தார். கோபி எறிந்ததில் நாலு பந்து வளையத்தைக்கூடத் தொடவில்லை. லேக்கர்ஸ் தோற்று வெளியேறியது. இந்தக் கதையை உங்கள் மகனுக்கு முழுசாகச் சொல்லுங்கள். பெஞ்சில் உட்கார்ந்ததை மட்டும் சொன்னால் பாதிக் கதைதான்.

சரி, கோச் எதை வைத்து முடிவு செய்கிறார்? பெற்றோர் நினைப்பது: யார் கூடை அதிகம் போடுகிறானோ அவன் ஆடுவான். நானும் பையனாக இருந்தபோது அப்படித்தான் நினைத்தேன். இந்தப் பக்கம் வந்து நின்ற பிறகுதான் புரிந்தது. கோச்சின் மனதில் ஓடும் கேள்வி வேறு: "இவனை இப்போது இறக்கினால் அடுத்த நாலு நிமிடத்தில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியுமா?" சுமாரான ஆட்டக்காரனாக இருந்தாலும் என்ன செய்வான் என்று தெரிந்தால் இறக்குவார். பெரிய திறமைசாலி, ஆனால் எந்த நேரத்தில் என்ன செய்வான் என்று தெரியவில்லை என்றால் கை தயங்கும். அனுபவசாலிக்கு நேரம் கிடைப்பதற்கு அடிப்படைக் காரணம் இதுதான். அவனுடைய குறைகள் உட்பட எல்லாமே கோச்சுக்கு மனப்பாடம்.

அந்தத் தயக்கம் முதலில் தடுப்பாட்டத்தில்தான் வரும். பந்து தன் கையில் இல்லாதபோது பையன் எங்கே நிற்கிறான் என்று பார்ப்போம். புதுப் பையன்கள் பெரும்பாலும் பந்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். தான் காக்க வேண்டியவன் முதுகுப் பக்கமாக நழுவி ஓடி, கூடைக்கு அருகிலிருந்தே லேஅப் போட்டுவிடுவான். பந்து எதிர்ப்பக்கம் இருக்கும்போது இரண்டடி உள்ளே வந்து உதவிக்கு நிற்க வேண்டும். எறிந்த பந்து வளையத்தில் பட்டுத் திரும்பும்போது அதைத் தாவிப் பிடிப்பதற்கு முன், எதிரணிக்காரனை உடம்பால் மறித்துப் பின்னாலேயே நிறுத்த வேண்டும். பந்தை இழந்த அடுத்த நொடி திரும்பி ஓட வேண்டும். இதெல்லாம் ஸ்கோர்ஷீட்டில் ஏறாது, கைத்தட்டலும் கிடைக்காது.

அப்புறம் ஃபவுல். புதியவர்கள் காலை நகர்த்துவதற்குப் பதில் கையை நீட்டுவார்கள், விசில் ஊதப்படும். அவன் ஐந்து ஃபவுல் செய்து வெளியேறுவது அவன் பாடு. ஆனால் ஒரு கால்பகுதியில் அணியின் மொத்த ஃபவுல் நான்கைத் தாண்டினால், அதற்குப் பிறகு தடுப்பில் செய்யும் ஒவ்வொரு ஃபவுலுக்கும் எதிரணிக்கு இரண்டு ஃப்ரீத்ரோ, அதாவது யாரும் மறிக்காத எறிவாய்ப்பு, போகும். இரண்டே நிமிடத்தில் இரண்டு ஃபவுல் செய்துவிட்டு வந்து உட்காருகிற பையன், மீதி எட்டு நிமிடத்துக்கும் கடன் வைத்துவிட்டு வருகிறான்.

உங்கள் மகன் பாயின்ட் கார்டு என்பது இதில் இன்னொரு சிக்கல். மற்ற இடங்களில் ஆடுபவன் தன் வேலையைத் தெரிந்துகொண்டால் போதும். பாயின்ட் கார்டு ஐந்து பேரின் வேலையையும் தெரிந்திருக்க வேண்டும். கோச் ஒரு ஆட்டத் திட்டத்தின் எண்ணைக் கத்தினால், சென்டராக ஆடும் உயரமான பையன் எங்கே ஸ்கிரீன் போட வேண்டும் (அதாவது எதிராளியை மறித்து நிற்க வேண்டும்), மூலையில் யார் நிற்க வேண்டும் என்று அவனுக்குத் தெரிய வேண்டும். யாராவது மறந்திருந்தால் கையைக் காட்டி அனுப்பவும் வேண்டும். மைதானத்தின் நடுக்கோட்டைத் தாண்ட எட்டு நொடி, கூடையை நோக்கி எறிய மொத்தம் இருபத்துநான்கு நொடி. மூத்த பையன்கள் ஒருவரையொருவர் கத்திக்கொள்ளும் நேரத்தில் புதுப் பையன் நடுவில் நின்று உரத்த குரலில் சொல்ல வேண்டும். பலருக்கு இங்கேதான் நாக்கு ஒட்டிக்கொள்ளும். பந்தை அழகாகக் கையாளும் எத்தனையோ பையன்கள் வாய் திறக்காததாலேயே பெஞ்சில் உட்கார்ந்ததைப் பார்த்திருக்கிறேன்.

இங்கே உங்கள் கணவரின் சந்தேகத்துக்கு வருகிறேன். சுற்றி வளைக்க விரும்பவில்லை. நானும் என் பள்ளி அணியில் ஒரே தமிழ்ப் பையன்தான். சிங்கப்பூர்ப் பள்ளிக் கூடைப்பந்தில் பல அணிகளில் மைதான மொழி மாண்டரின்தான், இது ஊருக்கே தெரியும். "ஹுவான்" என்று ஒருவன் கத்தினால், தடுப்பில் ஆளை மாற்றிக்கொள் என்று பொருள். "லான் பான்" என்றால் ரீபவுண்ட். எனக்கு முதல் மூன்று மாதம் இது புரியாது. எல்லாரும் நகர்ந்த பிறகு, அவர்களைப் பார்த்து நானும் நகர்வேன். அரை நொடி தாமதம், அவ்வளவுதான். ஆனால் பெஞ்சில் நிற்கிற கோச்சின் கண்ணுக்கு அது மொழிப் பிரச்சினையாகத் தெரியாது. "இந்தப் பையன் மந்தம்" என்றுதான் தெரியும். அதில் துவேஷம் இருந்ததாக நான் நினைக்கவில்லை. நஷ்டம் என்னவோ எனக்குத்தான்.

ஆகவே இரண்டு காரியம் செய்யலாம். மைதானத்தில் திரும்பத் திரும்ப வரும் பத்துப் பதினைந்து மாண்டரின் சொற்களை மகன் ஒரு சீன நண்பனிடம் கேட்டு எழுதி மனப்பாடம் செய்துகொள்ளட்டும். ஒரு வாரம் போதும். அதோடு, தடுப்புக் குரல்களை ஆங்கிலத்திலும் சொல்ல முடியுமா, இல்லையென்றால் விரல் சைகை வைத்துக்கொள்ளலாமா என்று அணித்தலைவனிடம் கேட்கட்டும். "நீ ஏன் கற்றுக்கொள்ள வேண்டும், அவர்கள் மாற்றிக்கொள்ளட்டும்" என்று உங்கள் கணவர் சொல்லலாம். நியாயம்தான். ஆனால் அந்த நியாயம் பேசி முடிவதற்குள் பருவம் முடிந்துவிடும். அதே சமயம், பயிற்சியிலும் அவனை ஓரமாக நிறுத்துகிறார்கள், திட்டம் விளக்கும்போது மொழிபெயர்த்துச் சொல்ல ஒருவரும் இல்லை, அவன் நிறத்தையோ பெயரையோ வைத்துக் கிண்டல் நடக்கிறது என்றால் அது ஆட்ட நேர விஷயமே இல்லை. உடனே பொறுப்பாசிரியரிடம் போங்கள். காத்திருக்க வேண்டாம்.

இன்னொரு காரணமும் உண்டு. கோச்சுகள் அதை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். உயர்நிலை நான்கு மாணவர்களுக்கு இது கடைசிப் பருவம். இதற்குப் பிறகு அவர்களுக்கு ஓ நிலைத் தேர்வு, அதன்பின் ஆளுக்கொரு பக்கம். நாலு வருடம் வேர்வை சிந்திய பையனுக்கும் இந்த வருடம் சேர்ந்தவனுக்கும் திறமையில் நூலிழை வித்தியாசம்தான் என்றால், நான் மூத்தவனைத்தான் இறக்குவேன். அது சரியா என்று என்னோடு வாதிட்ட கோச்சுகள் உண்டு, நான் மாறவில்லை. போதாததற்கு, என்பிஏ போல 82 ஆட்டங்கள் நமக்கு இல்லை. தேசிய பள்ளி விளையாட்டுப் போட்டிகளில் முதல் சுற்றிலேயே ஓரிரு தோல்வி வந்தால் பருவமே முடிந்துபோகலாம். இதில் சோதனை செய்து பார்க்க எந்தக் கோச்சுக்கும் துணிச்சல் வராது.

அப்படியானால் புதியவனுக்கு வாசல் எங்கே திறக்கும்? என் அனுபவத்தில் இரண்டாவது கால்பகுதியின் தொடக்கத்தில். முதல் ஐவரில் இரண்டு பேருக்கு மூச்சு வாங்கும், ஆட்டம் இன்னும் யார் பக்கமும் சாய்ந்திருக்காது, தவறு நடந்தாலும் சரிசெய்ய நேரம் இருக்கும். நான் அப்போது நான்கு மூத்தவர்களோடு ஒரு புதியவனை இறக்குவேன், மூன்று நான்கு நிமிடம். அவன் புள்ளி எடுக்க வேண்டும் என்று நான் எதிர்பார்ப்பதே இல்லை. அவன் திரும்பி வரும்போது ஸ்கோர் வித்தியாசம் போனபோது இருந்தது போலவே இருந்தால் போதும். அடுத்த ஆட்டத்தில் ஐந்து நிமிடம் கொடுப்பேன்.

அந்தக் கடைசி இரண்டு நிமிடங்களையும் உங்கள் மகன் அவமானமாக எண்ண வேண்டாம். இருபது புள்ளி வித்தியாசம் இருக்கும்போது இறக்கப்படும் பையன்களில் முக்கால்வாசிப் பேர் செய்வது ஒன்றுதான்: கிடைத்த பந்தையெல்லாம் மூன்று புள்ளிக் கோட்டிலிருந்து எறிவார்கள். தங்களைக் காட்டிக்கொள்ள வேறு வழி இல்லை என்று நினைப்பு. அரங்கமே கவனிக்காத அந்த நேரத்தில், பந்தை இழந்ததும் யார் திரும்பி ஓடுகிறான் என்று நான் குறித்துவைத்திருக்கிறேன். இன்னொன்றும் பார்ப்பேன். தவறு செய்த அடுத்த நொடி பையனின் கண் எங்கே போகிறது? என்னைத் திரும்பிப் பார்ப்பவன் இன்னும் தயாராகவில்லை. தன் ஆளைத் தேடி ஓடுபவனைப் பார்த்தால் எனக்கு நிம்மதியாக இருக்கும்.

வாய்ப்பு நாள் குறித்துவிட்டு வராது. ஜெரமி லின் 2010-11 பருவத்தில் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸில் புதுமுகம். 29 ஆட்டங்களில் மட்டும் இறங்கினார், ஆட்டத்துக்குப் பத்து நிமிடம்கூடக் கிடைக்கவில்லை. பிறகு அந்த அணியும் அடுத்து எடுத்த அணியும் அவரை வெளியே விட்டன. 2012 பிப்ரவரி 4 அன்று நியூயார்க் நிக்ஸில் சரியான பாயின்ட் கார்டு இல்லாமல் திண்டாடிக்கொண்டிருந்த கோச் மைக் டான்டோனி, பெஞ்சின் கடைசியில் இருந்த லின்னை இறக்கினார். 25 புள்ளி. அன்று அவருக்கு அணியின் திட்டங்கள் தெரியாமல் இருந்திருந்தால் அந்த இரவு நடந்திருக்காது. பள்ளி அணியிலும் இப்படித்தான்: ஒருவனுக்குக் கணுக்கால் பிசகும், ஒருவன் மூன்றாவது ஃபவுலை வாங்குவான், ஒருவனுக்குக் காய்ச்சல் வரும்.

எல்லாவற்றையும் கோச்சுகளின் பக்கம் நின்றே பேசிவிட்டேன். ஒரு குற்றத்தையும் ஒப்புக்கொள்கிறேன். பல வருடங்களுக்கு முன் என்னிடம் ஒரு பையன் இருந்தான். பள்ளியின் பெயர் வேண்டாம். ஒரு பருவம் முழுக்க அவனுக்கு இரண்டு இரண்டு நிமிடமாகக் கொடுத்தேன். என் மனதில் அவனுக்குத் தெளிவான திட்டம் இருந்தது: இடது கைப் பந்தாட்டத்தைச் சரிசெய்தால் அடுத்த வருடம் முதல் ஐவரில் இவன்தான். அதை அவனிடம் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. சொல்லாமலே புரிந்துகொள்வான் என்று நினைத்தேன். அடுத்த ஜனவரியில் அவன் திடல்தடப் பிரிவுக்குப் போய்விட்டான். பிறகு ஒருநாள் தேக்காவில் காப்பிக் கடையில் பார்த்தபோது, "நீங்க என்னை மறந்துட்டீங்கன்னு நினைச்சேன் கோச்" என்றான். எனக்குப் பதில் வரவில்லை. அதற்குப் பிறகு பருவத் தொடக்கத்தில் பன்னிரண்டு பேரையும் தனித்தனியாக உட்கார வைத்து, உன் இடம் இது, அடுத்த படி இது என்று சொல்லிவிடுகிறேன். எல்லாக் கோச்சுகளும் இதைச் செய்வதில்லை. அதனால்தான் பையன் கேட்க வேண்டியிருக்கிறது.

கேட்க வேண்டியது அவன், நீங்கள் இல்லை. தாய் வந்து நேரம் கேட்டால் கோச் தற்காப்புக்குப் போய்விடுவார், அணிக்குள் பையனின் தலையும் தாழ்ந்துவிடும். ஆட்டம் முடிந்த கையோடும் கேட்க வேண்டாம். அன்று யாருக்கும் தலை குளிர்ந்திருக்காது. சாதாரணப் பயிற்சி நாளில் பத்து நிமிடம் முன்னதாகப் போகட்டும். "ஏன் என்னை இறக்கவில்லை?" என்ற கேள்விக்குக் கோச் சமாதானம் சொல்லித்தான் அனுப்புவார். "எட்டாவது ஆளாக வர நான் எந்த இரண்டு விஷயத்தைச் சரிசெய்யணும் கோச்?" என்று கேட்டால் யோசித்துத்தான் பதில் சொல்ல வேண்டும். வலியோடு ஆட வைக்கிறார்கள், பையன் சாப்பிடாமல் தூங்காமல் இருக்கிறான் என்றால் மட்டும் நீங்கள் தலையிடுங்கள்.

மாற்றுவதைப் பற்றி: பருவம் முடியும்வரை வேண்டாம். இணைப்பாடச் சாதனைகளைக் கணக்கிடும் லீப்ஸ் திட்டத்தில், பங்கேற்புக்கு ஒரே நடவடிக்கையில் தொடர்ந்து இருப்பதும் 75 விழுக்காட்டு வருகையும் பார்க்கப்படுகின்றன. களத்தில் எத்தனை நிமிடம் நின்றான் என்று யாரும் எண்ணப்போவதில்லை. பருவம் முடிந்த பிறகும் அவனுக்கே ஆசை விட்டுப்போயிருந்தால் அப்போது யோசியுங்கள். அதுவும் அவன் முடிவாக இருக்கட்டும்.

வீட்டில் ஒன்று செய்யுங்கள். ஆட்டம் முடிந்து எம்ஆர்டியில் வரும்போது "எத்தனை நிமிஷம் கொடுத்தார்?" என்று ஆரம்பிக்காதீர்கள். எதிரணியின் பாயின்ட் கார்டு எந்தக் கையால் அதிகம் பந்தைத் தட்டினான் என்று கேளுங்கள். பதில் சொன்னால் பெஞ்சில் உட்கார்ந்தும் பையன் ஆடிக்கொண்டிருக்கிறான். முழித்தால் அடுத்த ஆட்டத்தில் கவனிப்பான்.

கோச் சொன்ன அந்த இரண்டு விஷயம் என்னவென்று எனக்கு எழுதுங்கள். "நல்லா பிராக்டிஸ் பண்ணு" என்று மட்டும் சொல்லி அனுப்பினால் அது பதிலே இல்லை. அடுத்த வாரம் மறுபடியும் போய்க் கேட்கச் சொல்லுங்கள்.